கடைக்காரர் இல்லாத கடை: வெண்டிங் மெஷினுக்கு உரிமம் யார் பெயரில், வரி யார் தலையில்?

"ஒரு மெஷின் வாங்கி, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நிறுத்திவிடுங்கள், நீங்கள் தூங்கும்போதும் காசு விழும்" என்ற ரக விளம்பரங்கள் இணையத்தில் ஏராளம். காசு போட்டால் பொருள் தரும் அந்த வெண்டிங் மெஷின் வந்து இறங்கிய மறுநாள்தான் கேள்விகள் முளைக்கின்றன. இதற்குக் கடை உரிமம் தேவையா? உணவு உரிமமும் வேண்டுமா? பத்து மெஷின் இருந்தால் பத்து உரிமமா, ஒன்று போதுமா? இடம் கொடுத்தவருக்குத் தரும் பங்கு வாடகையா, கமிஷனா? பில் போடாத விற்பனைக்கு வரிக் கணக்கு எப்படிக் காட்டுவது?

விடைகள் நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர்கூட மாறும். ஆனால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது மூன்றுதான். விற்பவர் யார்? விற்பது என்ன? விற்பனை நடக்கும் இடம் எது? இவற்றுக்குத் தெளிவான பதில் கையில் இருந்தால் எந்த ஊர் விதிப் புத்தகத்தையும் ஓரளவு புரிந்துகொள்ளலாம்.

## 1. முதலில், மெஷினுக்குப் பின்னால் நிற்பவர்கள்

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெட்டி. சட்டத்தின் கண்ணில் அதன் பின்னால் நான்கு பேர் வரை இருக்கலாம்.

1. மெஷினின் சொந்தக்காரர். விலை கொடுத்து வாங்கியவர், அல்லது வாடகைக்கு விடும் நிறுவனம்.
2. ஆபரேட்டர். சரக்கு நிரப்பி, விலை வைத்து, காசை எடுத்துக்கொள்பவர்.
3. இடம் தருபவர். கட்டட உரிமையாளர், மருத்துவமனை, தொழிற்சாலை, கல்லூரி, ரயில் நிர்வாகம்.
4. சரக்கு தருபவர். உற்பத்தியாளர் அல்லது மொத்த வியாபாரி.

ஒரே ஆள் இரண்டு மூன்று வேடம் போடுவது சகஜம். குளிர்பான நிறுவனமே மெஷினை இலவசமாகக் கொடுத்து, சரக்கையும் நிரப்பி, இடம் தந்தவருக்குப் பங்கு கொடுப்பது ஒரு முறை. மெஷின் மட்டும் நிறுவனத்துடையது, சரக்கு வாங்கி நிரப்புவதும் காசு எடுப்பதும் இடத்துக்காரர் என்பது இன்னொரு முறை. வெளித்தோற்றம் இரண்டிலும் ஒன்றுதான். முதல் முறையில் விற்பவர் நிறுவனம், இரண்டாவதில் இடத்துக்காரர். உரிமம், வரி, புகார் எல்லாம் அந்த ஒரு வேறுபாட்டைப் பொறுத்தே நகரும்.

யார் விற்பவர் என்று சந்தேகம் வந்தால் கேட்க வேண்டியவை: விலையை முடிவு செய்வது யார்? விற்காத சரக்கு யாருடைய நஷ்டம்? காசுப் பெட்டியின் சாவி யாரிடம்? மூன்றுக்கும் ஒரே பெயர் வந்தால் அவர்தான் ஆபரேட்டர். வெவ்வேறு பெயர் வந்தால் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

## 2. "நான் விற்கவில்லை, மெஷின் விற்றது"

இந்த வாதத்துக்கு இருநூறு வயது ஆகிறது. லண்டனில் ரிச்சர்ட் கார்லைல் என்ற புத்தக வியாபாரி, மத நிந்தனை என்று அரசு தடுத்த நூல்களை விற்றதற்காகத் தண்டிக்கப்பட்டவர். 1822இல் அவர் கடையில் ஒரு பொறி வைக்கப்பட்டது. வேண்டிய நூலுக்கு நேராக முள்ளைத் திருப்பிக் காசைப் போட்டால் புத்தகம் வந்து விழும். வாங்குபவர் விற்பவரின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. முகம் தெரியாவிட்டால் யாரைக் குற்றவாளி என்று காட்டுவார்கள் என்பது கணக்கு. கணக்கு பலிக்கவில்லை. அவரிடம் வேலை பார்த்தவர் ஒருவரை நீதிமன்றம் தண்டித்தது.

அதன் பிறகு சட்டம் இந்த விஷயத்தில் பெரிதாகத் தடுமாறவில்லை. 1971இல் இங்கிலாந்தில், ஷூ லேன் பார்க்கிங் நிறுவனத்துக்கு எதிரான தார்ன்டன் வழக்கில் நீதிபதி டென்னிங் இதை இன்னும் துல்லியமாக்கினார். மெஷினின் உரிமையாளர் அதைக் காசு வாங்கத் தயாராக வைத்திருப்பதே விற்பனைக்கான முன்மொழிவு. வாடிக்கையாளர் காசைப் போடும்போது அதை ஏற்கிறார். ஒப்பந்தம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வெளியே வரும் சீட்டில் "எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று அச்சிட்டால் அது செல்லாது.

வழக்கு வாகன நிறுத்தத்தைப் பற்றியது என்றாலும் வெண்டிங் மெஷின் வைப்பவருக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. விலை, திரும்பக் கொடுக்கும் விதி, யாரைக் கூப்பிட வேண்டும் என்ற தொலைபேசி எண் ஆகியவை காசு போடுவதற்கு முன்பே கண்ணில் படும்படி மெஷினின் முகப்பில் இருக்க வேண்டும். பல ஊர்களில் ஆபரேட்டரின் பெயரையும் முகவரியையும் மெஷினில் ஒட்டச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். கடையில் ஒரு முகம் இருக்கும். இங்கே அந்த ஸ்டிக்கர்தான் முகம்.

எல்லை தாண்டும்போதும் அதே கேள்விதான். ஒரு நாட்டு நிறுவனம் வேறொரு நாட்டில் மெஷின் வைத்தால் அங்கே வருமான வரி கட்ட வேண்டுமா? நாடுகளுக்கு இடையிலான வரி ஒப்பந்தங்களுக்கு வழிகாட்டியாக, வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி வெளியிடும் விளக்கவுரை இதற்கு ஒரு கோடு போடுகிறது. மெஷினை நிறுவி இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டால், அது மட்டும் போதாது. அந்த நாட்டில் "நிரந்தர நிலையம்", அதாவது வரி கேட்கப் போதுமான தொழிலிடம், உருவாகாது. நிறுவியவரே தன் கணக்கில் நடத்திப் பராமரித்தால் உருவாகலாம். ஊழியர் ஒருவர்கூட அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

## 3. பதிவு, உரிமம், அனுமதி: மூன்றும் ஒன்றல்ல

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் "லைசென்ஸ்" என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

பதிவு என்பது "நான் இருக்கிறேன்" என்று அரசுக்குத் தெரிவிப்பது. தொழில் பதிவு, வரிப் பதிவு இந்த வகை. பெரும்பாலும் ஆளுக்கு அல்லது நிறுவனத்துக்கு ஒன்று.

உரிமம் என்பது "இந்தத் தொழிலைச் செய்யலாம்" என்று அதிகாரி சம்மதம் தருவது. அவர் மறுக்கலாம், நிபந்தனை போடலாம், பிறகு ரத்தும் செய்யலாம். உணவு, புகையிலை, மது, மருந்து ஆகியவை இதில் வரும்.

அனுமதி, அதாவது பர்மிட், ஒரு குறிப்பிட்ட பொருளுக்கோ இடத்துக்கோ தரப்படுவது. "இந்த எண் உள்ள மெஷின், இந்த முகவரியில்" என்பது போல.

மெஷின் ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி கேட்கும் ஊர்களில், இது வெறும் கட்டண வசூல் என்று ஆபரேட்டர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நியாயமான காரணமும் உண்டு. கடை நகராது, மெஷினை ஒரே இரவில் தூக்கிக்கொண்டு போகலாம். பரிசோதனைக்கு வரும் அதிகாரிக்கு எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்ற பட்டியல் இல்லாமல் வேலை நடக்காது. அதனால்தான் வரிசை எண், நிறுவிய முகவரி, அனுமதி ஸ்டிக்கர். மெஷினை இடம் மாற்றினால் அனுமதியும் தானாகக் கூடவே வரும் என்று நினைப்பது பலர் செய்யும் தவறு.

## 4. பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஒரே மெஷின், உள்ளே வைக்கும் சரக்கை மாற்றினால் வேறு துறையின் கைக்குப் போய்விடும். பேனாவும் சோப்பும் விற்கும் மெஷினை உணவுத் துறை திரும்பிப் பார்க்காது. அதிலேயே ஒரு வரிசையில் பால் பாக்கெட்டை வைத்தால் கதை மாறிவிடும்.

உணவுக்குள்ளும் படிகள் உள்ளன. மூடி முத்திரையிட்டு வந்த, வெளி வெப்பத்தில் கெடாத பொருள் கீழ்ப்படி. குளிரில் வைக்க வேண்டியது அடுத்த படி. மெஷினே தண்ணீர் சுடவைத்து, பொடி கலந்து, கோப்பையில் ஊற்றித் தருவது மேல்படி. அது சட்டப்படி சமையலறைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஜப்பானில் 2021 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள உணவு உரிம முறை இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. சமைத்துத் தரும் திறன் உள்ள மெஷினுக்கு அனுமதி தேவை. அதுவே கட்டடத்துக்குள் இருந்து, குறிப்பிட்ட தானியங்கிப் பாதுகாப்பு வசதிகளோடு இருந்தால் அறிவிப்புக் கொடுத்தால் போதும்.

குளிர் உணவில் சட்டம் உண்மையில் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: இரவில் மின்சாரம் போய், காலையில் வந்து, இடையில் சரக்கு கெட்டது யாருக்கும் தெரியாமல் விற்பனை தொடர்வது. கடையில் ஒருவர் மோந்து பார்த்து ஒதுக்கிவிடுவார். மெஷினுக்கு மூக்கில்லை. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ வெளியிடும் மாதிரி உணவு விதிகள் இதற்குத் தானாக விற்பனையை நிறுத்தும் பூட்டைக் கட்டாயமாக்குகின்றன. குளிர் மெஷினில் உள்ளே காற்றின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. சரக்கு நிரப்பக் கதவைத் திறந்த பிறகு மட்டும் 30 நிமிடம் விலக்கு. சூடான உணவு மெஷினில் 57 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. அங்கே 120 நிமிடம் விலக்கு. இந்த வரம்பு மீறினால், பராமரிப்பவர் வந்து சரிசெய்யும்வரை மெஷின் விற்கக் கூடாது. பழைய மெஷினை மலிவாக வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பூட்டு வேலை செய்கிறதா என்பதைத்தான். திரையும் பெயின்ட்டும் அப்புறம்.

மின் பாதுகாப்புக்கு வணிக வெண்டிங் மெஷின்களுக்கென்றே ஐஇசி 60335-2-75 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. வாங்கும்போது சான்றிதழைக் கேட்டு வாங்கினால் போதும். தண்ணீர், பால், எண்ணெய் போன்றவற்றை அளந்து ஊற்றும் மெஷின் என்றால் எடை அளவுத் துறையின் சரிபார்ப்பும் சேரும். அறிவிக்கும் அளவுக்கும் ஊற்றும் அளவுக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பதுதான் சாரம்.

சில விதிகள் மெஷின் எண்ணிக்கையைப் பொறுத்து முளைக்கும். அமெரிக்காவில் 20 அல்லது அதற்கு மேல் மெஷின் வைத்திருக்கும் ஆபரேட்டர், வாங்குபவர் முன்கூட்டியே பார்க்கும்படி கலோரி அளவை அறிவிக்க வேண்டும் என்ற விதி 2016 டிசம்பர் 1 முதல் அமலில் உள்ளது. 19 மெஷின் வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தொழிலை விரிவாக்கும்போது எந்த எண்ணிக்கையில் எந்தக் கதவு திறக்கிறது என்பதை முன்பே பார்த்து வைப்பது நல்லது.

### வயது கேட்க ஆளில்லாத இடம்

புகையிலையில்தான் மெஷின் மீதான சந்தேகம் உச்சத்துக்குப் போனது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் 2005இல் நடைமுறைக்கு வந்தது. புகையிலை மெஷின்கள் சிறுவர்கள் கைக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதன் 16ஆவது பிரிவு சொல்கிறது. நாடுகள் இதை இரண்டு வழியில் செய்தன. ஜப்பான் 2008இல், வயதை உறுதிசெய்து தரப்படும் தாஸ்போ அட்டையைக் காட்டினால்தான் மெஷின் சிகரெட் தரும் என்ற முறையைக் கொண்டுவந்தது. இங்கிலாந்து 2011 அக்டோபர் 1 முதல் சிகரெட் மெஷினையே தடை செய்தது. சிங்க்ளேர் காலிஸ் என்ற ஆபரேட்டர் நிறுவனம் அதை எதிர்த்து மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அந்தப் பெயரை நினைவில் வையுங்கள். வரி பகுதியில் மறுபடி வரும்.

மதுவுக்கும் மருந்துக்கும் கேள்வி அதுவே: வாங்குபவரை ஒரு பொறுப்பான ஆள் பார்க்க வேண்டும் என்று சட்டம் நினைக்கிறதா? நினைத்தால், தொழில்நுட்பம் அந்த ஆளுக்கு ஈடாகுமா? பென்சில்வேனியா மாநிலம் 2010இல் பல்பொருள் அங்காடிகளில் மூச்சுச் சோதனையும் கேமராவும் வைத்த ஒயின் மெஷின்களை நிறுவிப் பார்த்தது. அடுத்த ஆண்டே அந்த முயற்சி முடிந்துபோனது.

## 5. இடம்

தனியார் வளாகத்துக்குள் என்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதமும் தீயணைப்பு வழியை மறிக்காத இடமும் அடிப்படை. பொதுச் சாலை, நடைபாதை என்றால் உள்ளாட்சியின் இட அனுமதி தனி. கட்டடத்துக்குள் இருப்பது போல் வைத்து, கதவு திறக்கும்போது நடைபாதைக்கு நீளும் மெஷினும் இதில் மாட்டும்.

பள்ளி என்றால் விதி இன்னும் இறுகும். பிரான்ஸ் 2004இல் சட்டம் இயற்றி, 2005 செப்டம்பர் முதல் பள்ளிகளில் உணவு, பான மெஷின்களை முழுமையாக நிறுத்திவிட்டது. அரசு வளாகங்களில் முன்னுரிமைப் பட்டியலும் இருக்கலாம். அமெரிக்கக் கூட்டாட்சிக் கட்டடங்களில் பார்வையற்ற வியாபாரிகளுக்கு முன்னுரிமை தரும் ராண்டால்ஃப் ஷெப்பர்ட் சட்டம் 1936இலிருந்தே இருக்கிறது. 1974 திருத்தத்துக்குப் பிறகு அங்குள்ள மெஷின் வருமானத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

சக்கர நாற்காலியில் வருபவருக்குக் காசுத் துளையும் பொத்தானும் எட்ட வேண்டும். அமெரிக்காவின் 2010 அணுகல் தரங்கள் கையாளும் பகுதிகள் தரையிலிருந்து 15 முதல் 48 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், ஒரு கையால், இறுகப் பிடித்துத் திருகாமல் இயக்க முடிய வேண்டும் என்றும் சொல்கின்றன. மெஷின் சரியான உயரத்தில் இருந்தாலும் அதன் முன்னால் குப்பைத் தொட்டியை நிறுத்தினால் விதி மீறல்தான்.

## 6. இடத்துக்காரருக்குத் தரும் பணம்: வாடகையா, பங்கா?

இந்தத் தொழிலில் அதிகம் கவனிக்கப்படாத, அதிகம் காசு கரையும் இடம் இதுதான்.

இடம் தந்தவருக்கு ஆபரேட்டர் மாதத் தொகை கொடுக்கலாம், விற்பனையில் சதவீதம் கொடுக்கலாம், இரண்டும் கலந்தும் கொடுக்கலாம். பல நாடுகளில் நிலம், கட்டட வாடகைக்கு வாட் எனும் மதிப்புக் கூட்டு வரியிலிருந்து விலக்கு உண்டு, சேவைக்கு இல்லை. அப்படியானால் மெஷின் வைக்க இடம் கொடுப்பது எது?

சிங்க்ளேர் காலிஸ் இங்கே மறுபடி வருகிறது. மதுக்கூடங்களிலும் ஹோட்டல்களிலும் சிகரெட் மெஷின் வைத்து, உரிமையாளருக்கு லாபத்தில் சதவீதம் கொடுத்துவந்த நிறுவனம் அது. அந்த ஏற்பாடு "அசையாச் சொத்தை வாடகைக்கு விடுவது" ஆகுமா என்ற கேள்வி பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 2003 ஜூனில் வந்த தீர்ப்பு, ஆகாது என்றது. காரணங்களைப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். ஒப்பந்தத்தில் துல்லியமான இடம் குறிக்கப்படவில்லை. மெஷினை அதே கட்டடத்துக்குள் நகர்த்தலாம். கட்டடம் திறந்திருக்கும்போதுதான் அதை நெருங்க முடியும். நிறுவனம் உண்மையில் வாங்கியது சில சதுர அடி தரையை இல்லை; அந்த வளாகத்தில் தான் மட்டுமே சிகரெட் விற்கும் உரிமையை. தரை அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

மற்ற நாடுகளின் நீதிமன்றங்கள் இதே முடிவுக்கு வர வேண்டியதில்லை. ஆனால் கேட்கும் விதம் எங்கும் செல்லும். ஒப்பந்தத்தின் தலைப்பில் "வாடகை" என்று எழுதினால் மட்டும் அது வாடகை ஆகிவிடாது. எதற்காகப் பணம் கைமாறுகிறது என்பதையே பார்ப்பார்கள்.

இன்னொரு சிக்கல், சதவீதத்தை எதன் மேல் கணக்கிடுவது என்பது. ஒரு பொருளின் விலை 60. அதற்குள் வரி 10. ஆபரேட்டருக்கு மிஞ்சுவது 50. "விற்பனையில் 20 சதவீதம்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் 60இல் 12 கொடுக்க வேண்டிவரும். வரி நீங்கலாக என்றால் 10. ஒரு பொருளுக்கு 2 வித்தியாசம். அந்த 2, அரசுக்குப் போக வேண்டிய பணத்தின் மேல் ஆபரேட்டர் கொடுக்கும் கமிஷன்.

## 7. விற்பனை வரி: விலைக்குள் ஒளிந்திருக்கும் பங்கு

கடையில் பில் போடும்போது வரியைத் தனியாகக் காட்டிச் சேர்க்கலாம். மெஷினில் அது வழக்கமில்லை, ஒரே தொகைதான். அதனால் வரியைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

விலை 60, வரி விகிதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 60இல் 20 சதவீதம் 12 என்று கணக்குப் போடுவது தவறு. 60 என்பது ஏற்கெனவே 120 சதவீதம். எனவே வரி, 60 × 20 ÷ 120 = 10. ஒவ்வொரு பொருளுக்கும் 2 அதிகமாகக் கட்டி, அது தெரியாமலேயே "லாபமே இல்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது விகிதம் 25 சதவீதம் ஆகிறது. கடைக்காரர் விலையை 62.50 ஆக்குவார். அந்தச் சில்லறையை மெஷின் வாங்காது, மிச்சமும் தராது. விலையை 60இலேயே விட்டால் வரி 12, ஆபரேட்டருக்கு 48. உயர்த்தினால் 65 ஆக்க வேண்டும். வாங்குபவர் முகம் சுளிப்பார். ஜப்பானில் மெஷின்கள் 10 யென் நாணயத்துக்குக் கீழே வாங்குவதில்லை. அதனால் 2014இல் நுகர்வு வரி 5லிருந்து 8 சதவீதமானபோது சில பானங்களின் விலை 10 யென் ஏறியது, சில ஏறவே இல்லை. கார்டிலும் கைப்பேசியிலும் பணம் செலுத்துவது பரவப் பரவ இந்தச் சிக்கல் குறைகிறது. கூடவே, ஒவ்வொரு விற்பனைக்கும் இடைத்தரகர் கட்டணம் என்ற புதுச் செலவு வந்து உட்கார்கிறது.

விகிதமே என்ன என்பது தனிப் புதிர். ஒரே பொருள், கடையில் ஒரு விகிதம், மெஷினில் வேறு. கலிபோர்னியாவில் பழத்தை மளிகைக் கடையில் வாங்கினால் விற்பனை வரி இல்லை. அதே பழம் மெஷினிலிருந்து விழுந்தால், விலையில் 33 சதவீதப் பகுதிக்கு வரி உண்டு. பழத்தில் எந்த மாற்றமும் இல்லை. பெட்டியிலிருந்து வந்ததுதான் மாற்றம். ஜப்பான் இதற்கு நேர் எதிர்: 2019 அக்டோபரில் பொது விகிதம் 10 சதவீதமானபோது, மெஷினில் விற்கும் உணவும் பானமும் (மது நீங்கலாக) குறைந்த 8 சதவீதத்திலேயே வைக்கப்பட்டன. உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம். மெஷின் மேசையும் பரிமாறுதலும் தராததால் அது வெறும் பொருள் கைமாறுதல்.

### வரிக்காகவே வைக்கப்பட்ட மெஷின்கள்

ஜப்பானில் ஒரு காலத்தில் குடியிருப்புக் கட்டட உரிமையாளர்கள் சிலர், விற்பனையைப் பற்றிக் கவலையே இல்லாமல் வாசலில் மெஷின் வைத்தார்கள். வீட்டு வாடகைக்கு நுகர்வு வரி விலக்கு இருப்பதால், கட்டடம் கட்டியபோது செலுத்திய பெருந்தொகை வரியை அவர்களால் திரும்பப் பெற முடியாது. ஆனால் வாடகை வரத் தொடங்கும் முன்பே முடியும் ஒரு வரிக் கணக்குக் காலத்தில், மெஷினில் விழுந்த சொற்ப விற்பனை மட்டுமே வருமானமாக இருந்தால்? கணக்கில் வரிக்குட்பட்ட விற்பனை 100 சதவீதம். உள்ளீட்டு வரி, அதாவது கட்டடச் செலவில் செலுத்திய வரி, முழுவதையும் திருப்பிக் கேட்கலாம். சில குளிர்பானங்களை விற்று ஒரு கட்டடத்தின் வரியை மீட்கும் இந்த வித்தையை 2010 வரிச் சீர்திருத்தம் முடக்கியது. வேறு வடிவங்களில் தொடர்ந்தபோது, 2020 அக்டோபர் முதல் வாடகைக் குடியிருப்புக் கட்டடத்துக்கு அந்த வரியைத் திரும்பப் பெறுவதையே மறுத்துவிட்டார்கள். வரி விதியில் ஓட்டை எங்கே என்பதைத் தொழில் ஆலோசகர்கள் எப்போதும் அரசுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

## 8. பில் இல்லாத விற்பனைக்கு எது சான்று?

வரி அதிகாரிக்கு வெண்டிங் மெஷின் மேல் இயல்பாகவே ஒரு கண். சில்லறைக் காசு, பில் கிடையாது, பார்த்தவர் யாரும் இல்லை. ஒவ்வொரு நாடும் இதை ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது.

இத்தாலி கடுமையான வழியை எடுத்தது. 2017 ஏப்ரல் முதல், காசு எடுக்க வரும் ஆள் மெஷினின் விற்பனைத் தரவைக் கருவியில் இறக்கி, வரித் துறைக்கு மின்னணு முறையில் அனுப்ப வேண்டும். மெஷினில் ஒட்டிய கியூஆர் குறியை ஸ்கேன் செய்து அது பதிவான மெஷின்தானா என்று யாரும் பார்க்கலாம். ஜெர்மனி தன் பணப்பதிவுக் கருவி விதிகளில் விற்பனை மெஷின்களுக்கு விலக்கு தந்தது. ஆஸ்திரியா ஒரு விற்பனை 20 யூரோவுக்குள் இருந்தால் விலக்கு என்றது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் கொண்டுவந்த வழி எனக்குப் பிடித்தது. உணவு, பான மெஷினில் ஆபரேட்டரின் விவரங்களோடு ஓர் அறிவிப்பு ஒட்டச் சொன்னது. அந்த அறிவிப்பிலேயே, இது ஒட்டப்படாத மெஷினைப் பார்த்தால் தகவல் சொல்லுங்கள், பண வெகுமதி கிடைக்கலாம் என்று எழுதியிருந்தது. சிப்ஸ் வாங்க வருபவரையே வரி ஆய்வாளராக்கும் ஏற்பாடு.

விதி எப்படி இருந்தாலும் அதிகாரி செய்யும் கணக்கு எளியது. இத்தனை பெட்டி சரக்கு வாங்கினாய், கையிருப்பு இவ்வளவு, கெட்டது, திருடு போனது இவ்வளவு என்கிறாய், மீதி விற்றிருக்க வேண்டும், விலை இது, அப்படியானால் விற்பனை இவ்வளவு. காட்டிய தொகை குறைந்தால் விளக்கம் கேட்பார். இதற்கு எதிரான கவசம் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. இன்றைய மெஷின்கள் பெரும்பாலானவற்றில் மொத்த விற்பனை எண்ணிக்கை, நாணயமாக வந்தது, கார்டில் வந்தது, காசு திருப்பியது என எல்லாம் அழியாத எண்ணியில் ஏறும். இதைப் படிக்க ஐரோப்பிய வெண்டிங் சங்கம் வகுத்த இவிஏ-டிடிஎஸ் என்ற பொதுத் தரவு வடிவமும் இருக்கிறது. ஒவ்வொரு முறை பெட்டியைத் திறக்கும்போதும் அந்த எண்ணை இறக்கி வைப்பவர் தணிக்கைக்குப் பயப்பட வேண்டியதில்லை. காலாவதியாகி எறிந்த சரக்கைத் தேதியோடு குறித்து வைக்காதவர், எறிந்ததற்கும் விற்பனை வரி கட்ட நேரிடலாம்.

வருமான வரியில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. மெஷினின் விலை ஒரே ஆண்டில் செலவாகாது, தேய்மானமாகக் கழியும். கமிஷன், மின்கட்டணம், பராமரிப்பு, வண்டிச் செலவு ஆகியவை செலவு. கமிஷன் கொடுக்கும்போது வரி பிடித்தம் செய்யும் கடமை இருக்கிறதா என்பதை மட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். பிடிக்காமல் கொடுத்துவிட்ட பணத்தை இடத்துக்காரரிடமிருந்து திரும்ப வாங்குவது லேசில்லை.

## 9. எந்த வரிசையில் செய்வது?

பெரும்பாலோர் மெஷினை முதலில் வாங்கி, பிறகு இடம் தேடி, கடைசியில் உரிமம் பற்றி யோசிக்கிறார்கள். தலைகீழாகச் செய்தால் செலவு குறையும்.

1. என்ன விற்கப்போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். மூடிய பாக்கெட்டா, குளிர் உணவா, மெஷினே தயாரிப்பதா என்பதில்தான் உரிமத்தின் கனம் இருக்கிறது.
2. இடத்தைப் பேசி, எழுத்தில் வாங்குங்கள். பங்கு எதன் மேல், மின்கட்டணம் யாருடையது, உடைந்தால் யார் பொறுப்பு, வெளியேறினால் எத்தனை நாளில் மெஷினை எடுக்க வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும்.
3. அந்த இடத்தில் அந்தப் பொருளுக்கு என்ன அனுமதி என்று உள்ளாட்சியிலும் உணவுத் துறையிலும் கேளுங்கள். வாய்ப் பதிலை நம்பாமல் எழுத்தில் பெறுங்கள்.
4. தொழில் பதிவும் வரிப் பதிவும். சிறு வியாபாரிகளுக்கான விற்பனை வரம்பு இருந்தால், எல்லா மெஷின்களின் மொத்த விற்பனையும் சேர்த்தே அது கணக்கிடப்படும். மெஷின் ஒன்றுக்குத் தனித்தனி வரம்பு என்று நினைத்துவிட வேண்டாம்.
5. இப்போது மெஷின். மின் பாதுகாப்புச் சான்று, வெப்பப் பூட்டு, தரவு இறக்கும் வசதி மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.
6. பொறுப்புக் காப்பீடு எடுத்து, மெஷினைச் சாயாமல் சுவரிலோ தரையிலோ பிணையுங்கள். சிக்கிய பொருளுக்காக மெஷினைப் பிடித்து ஆட்டி அடியில் மாட்டியவர்கள் உண்டு.
7. பெயர், தொலைபேசி, அனுமதி எண் ஆகியவற்றை முகப்பில் ஒட்டி, முதல் நாள் எண்ணியில் உள்ள எண்ணைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பழைய மெஷின் என்றால் முந்தைய உரிமையாளரின் விற்பனையும் அந்த எண்ணில் ஏறியிருக்கும். அது உங்களுடையது இல்லை என்று பின்னாளில் காட்ட, பெரும்பாலும் அந்த ஒரு படம்தான் கையில் இருக்கும்.